பழைய வண்டிக்குப் பாவித்த கியர்ப் பெட்டி

2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம். மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நாம் குடும்பத்தோடு கண்டியிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்டோம். எழுபத்தாறு வயதான எமது தாயாரைக் கண் வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. கடுகண்ணாவைக் கணவாயில் இறங்கும்போது, வழக்கம் போல வண்டியை இரண்டாம் கியரில் விட்டு, எஞ்சினின் இழுவையால் வேகத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டு வந்தோம். ஒரு வளைவில் கியர்த் தடி எவரும் தொடாமலே துள்ளி நடுநிலைக்கு வந்துவிட்டது. எஞ்சினின் பிடி ஒரே நொடியில் அற்றுப்போயிற்று. வண்டி மொரிஸ் மைனர். அதற்கு நான்கு சில்லுகளிலும் பழைய டிரம் பிரேக்குகளே உண்டு. கால் பிரேக்கையும் கைப் பிரேக்கையும் ஒருங்கே பிடித்து, மலைப் பக்கத்து வடிகாலோரமாக வண்டியை ஒதுக்கி நிறுத்தியபோது எமது உள்ளங்கைகள் வியர்த்திருந்தன. பின்னாசனத்திலிருந்த தாயார், "என்ன, வந்திட்டமோ?" என்று கேட்டார். நாம் பதில் சொல்லவில்லை.

இந்த விபரீதத்துக்குக் காரணம் மூன்று மாதங்களுக்கு முன்னர் நாம் வாங்கிப் பொருத்திய பாவித்த கியர்ப் பெட்டியே. அதைச் சோதிக்கத் தெரியாமல் வாங்கியவரும் நாமே. ஆகையால் இக்கட்டுரையை ஒரு நிபுணரின் உபதேசமாக அன்றி, பட்டறிந்தவரின் வாக்குமூலமாக வாசகர்கள் கொள்வார்களாக.

கியர்ப் பெட்டியைப் பற்றிய பேச்சு கராஜ்காரருக்கு உரியது, குடும்பப் பத்திரிகைக்கு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் நமது நாட்டில் பழைய மோட்டார் வண்டி என்பது பொழுதுபோக்குச் சாமான் அன்று. 1960களிலும் 70களிலும் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் இருந்த வண்டிகளையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். 2020ஆம் ஆண்டு மார்ச்சில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு வாசல் மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். திறந்த பின்னரும் வரியோடு சேர்ந்த விலை சாதாரண உத்தியோகத்தருக்கு எட்டுவதாக இல்லை. எனவே தகப்பனார் வைத்துவிட்டுப் போன வண்டிக்கு வேறு எஞ்சின் பொருத்தி ஓட்டும் வீடுகள் பல. எஞ்சினைப் பற்றி ஆயிரம் விசாரணை செய்பவர்கள், அதன் பின்னால் வரும் பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடுகிறார்கள்.

எமது வண்டி 1959ஆம் ஆண்டில் பிறந்தது. பாடசாலை ஆசிரியராக இருந்த தகப்பனார் அதனை இரண்டாம் கையாக வாங்கினார். மொரிஸ் மைனரை வரைந்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். 1948ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் அது முதன்முதலாக வைக்கப்பட்டது. உற்பத்தி ஓய்ந்தபோது பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்திருந்தன. இங்கே இன்னொரு செய்தியையும் சொல்லாமல் விட மனமில்லை. 1990களில் இவ்வண்டிக்குரிய தகட்டு உறுப்புகள் நமது நாட்டிலே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. பிறந்த ஊருக்கே நாம் உறுப்பு அனுப்பிய வண்டி அது!

எமது வண்டியின் 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின் இரண்டு முறை துளை பெருப்பிக்கப்பட்டு, ஈற்றில் கட்டையிலே வெடிப்புக் கண்டது. அதற்குப் பதிலாக டட்சன் 1200 வண்டியின் ஏ-12 எஞ்சினைப் பொருத்துவது என்று முடிவாயிற்று. 1171 கன சென்ரிமீற்றர் கொண்ட இச்சிறு எஞ்சின் 1970ஆம் ஆண்டில் அவ்வண்டியோடு வந்தது. சன்னி என்னும் சிறு பாரவண்டி ஜப்பானில் 1994 வரை இதே குடும்பத்து எஞ்சினோடு விற்பனையானபடியால் உதிரிப் பாகங்கள் இன்னும் அகப்படுகின்றன. எஞ்சின் நீளவாட்டில் நின்று பின் சில்லுகளைச் சுழற்றும் அமைப்பு மொரிஸ் மைனருக்கும் உரியது. இதுவரை நாம் செய்தது சரியே. எஞ்சினை ஒரு வண்டியிலிருந்தும் கியர்ப் பெட்டியை வேறொரு கடையிலிருந்தும் வாங்கினோமே, அதுதான் பிழை. கடைக்காரர் பெட்டிக்கு வெள்ளி நிற வர்ணம் பூசி வைத்திருந்தார். அதன் பளபளப்பில் நாம் மயங்கினோம். வர்ணத்தின் அடியில் என்ன இருந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

கணவாயில் நின்ற வண்டியை மெல்ல மெல்ல ஓட்டி வீடு திரும்பிய பின்னர், கம்பளையில் ஒரு முதிய பாஸிடம் அதனைக் கொண்டுபோனோம். நாற்பது வருடத்துக்கு மேலாகப் பெட்டி திறப்பவர். முதலில் கியரைத் தன் இடத்தில் இருத்தும் சிறு குண்டையும் சுருளையும் மாற்றிப் பார்த்தார். குணமாகவில்லை. பின்னர் பெட்டியைப் பிரித்து, இரண்டாம் கியரின் சக்கரத்தைக் கையில் தந்து, "தம்பி, விரலால தடவிப் பாருங்கோ" என்றார். அப்போதுதான் விளங்கிற்று.

அந்த விளக்கத்தைச் சற்று விரித்துரைப்போம். பின்னால் சொல்லப்போவதெல்லாம் அதனையே பற்றி நிற்கும். இக்காலக் கியர்ப் பெட்டியில் முன்னோக்கிச் செல்லும் பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே சுழல்கின்றன. தடியை நாம் தள்ளும்போது பற்சக்கரம் நகர்வதில்லை. ஒரு வளைகோப்பு நகர்ந்து, வேண்டிய சக்கரத்தின் பக்கத்திலுள்ள சிறு பற்களைக் கவ்வி, அதைத் தண்டோடு பூட்டுகிறது. கவ்வுமுன் இரண்டின் வேகமும் ஒன்றாக வேண்டும். அதற்காகப் பித்தளை வளையம் ஒன்று சக்கரத்தின் கூம்பு முகத்தில் உராய்ந்து வேகத்தைச் சமப்படுத்துகிறது. அமெரிக்காவில் கடிலாக் வண்டிகளில் 1928ஆம் ஆண்டு புகுந்த ஏற்பாடு இது. அதற்கு முன்னர் சாரதிமார் கிளச்சை இருமுறை மிதித்துக் காது கொடுத்தே கியர் மாற்றினர். மொரிஸ் மைனரின் முதலாம் கியருக்கு இறுதிவரை இவ்வளையம் கிடையாது என்பதை அவ்வண்டி ஓட்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நல்ல பெட்டியில் அச்சிறு பற்களின் முனை கூரை முகடு போலக் கூராக இருக்கும். பக்கங்கள் நேராக இருக்கும். எமது பெட்டியிலோ அவை பழைய சவர்க்காரத் துண்டு போல உருண்டு போயிருந்தன. எஞ்சின் இழுக்கும்போது வளைகோப்பு நின்றுகொள்ளும். இறக்கத்தில், சில்லு எஞ்சினைத் தள்ளும்போது, உருண்ட பல் அதை வழுக்கி வெளியே தள்ளிவிடும். சமதரையில் மூன்று மாதம் ஒழுங்காக ஓடிய வண்டி மலையிலே கைவிட்டதன் இரகசியம் இதுவே.

இனி, பெட்டியைத் தெரிவு செய்வது எப்படி? தலையாய விதி, எஞ்சினும் பெட்டியும் ஒரே வண்டியிலிருந்து கழன்றனவாக இருத்தல் வேண்டும். அவற்றோடு பிளைவீல், கிளச்சுக் கவை, வெளித்தள்ளும் பெயரிங், பெட்டியைத் தாங்கும் இறப்பர், வேகமானியின் கேபிள் முனை, புரொப்பெல்லர் தண்டின் முன் யோக் ஆகியனவும் வரட்டும். அவ்வேளையில் இவை அற்பப் பொருள்களாகத் தோன்றும். கடைக்காரர் இனாமாகவே தரவும் கூடும். பின்னர் அந்த யோக் ஒன்றைத் தேடி நாம் நான்கு முறை பஞ்சிகாவத்தைக்கு அலைந்தோம் என்றால் வாசகர்கள் எஞ்சியதை ஊகித்துக்கொள்ளலாம்.

தனியாகத்தான் பெட்டி வாங்க வேண்டியிருப்பின், வெறுங்கையோடு கடைக்குப் போகலாகாது. எஞ்சினின் பின்முகத்தில் ஒரு கடதாசி மட்டையை அழுத்தி வைத்து, போல்ட் துளைகளும் வழிகாட்டி ஊசிகளும் உள்ள இடங்களை அச்செடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே பெயருடைய எஞ்சின் வரிசையிலேயே ஆண்டுக்காண்டு மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. கடைக்காரர் "இது அதேதான்" என்று சொல்வதை மட்டை ஒப்புக்கொள்கிறதா என்று பார்க்கலாம். எஞ்சினுக்குரிய கிளச்சுத் தட்டையும் பையில் போட்டுக்கொண்டு செல்க. அது பெட்டியின் முன் தண்டிலுள்ள வரிப்பற்களில் தடங்கலின்றி வழுக்கிச் செல்ல வேண்டும்; ஆனால் சுற்றுவாட்டில் தளரக் கூடாது. முன் தண்டின் நுனி எஞ்சினின் பிரதான தண்டிலுள்ள சிறு வெண்கலப் புஷ்ஷினுள் அமர்வது. எஞ்சின் தானியங்கிக் கியர் வண்டியிலிருந்து வந்ததாயின் அங்கே புஷ் இல்லாமலும் இருக்கலாம். அதையும் முன்கூட்டியே பார்த்து, துளையின் விட்டத்தையும் நுனியின் விட்டத்தையும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும்.

பெயரிலே ஏமாறுவோரும் உளர். "சன்னி கியர்ப் பெட்டி" என்று கேட்டால் எந்தச் சன்னி என்பது கேள்வி. 1981 முதல் வந்த பி-11 சன்னி முன் சில்லால் ஓடுவது. அதன் பெட்டி குறுக்குவாட்டில் நிற்பது. நமக்கு ஒருவிதத்திலும் உதவாது. அதற்கு முந்திய பி-110, பி-210, பி-310 வண்டிகளே பின் சில்லு இழுவை உடையன. எஞ்சினுக்கு மேல் ஆசனம் உள்ள வான்களில் அதே குடும்பத்துப் பெட்டி இருக்கக்கூடும். ஆயினும் அவற்றின் கியர்த் தடி தூர இருந்து கம்பிகளால் இயங்குவது. அதை மொரிஸ் மைனரின் தரையில் நேராகக் கொண்டுவருவது பெரும்பாடு. இன்னொன்று: மொரிஸ் மைனரின் கிளச்சு கம்பி இணைப்பால் இயங்குவது; வேறு பெட்டி வரும்போது அவ்விணைப்புக்கும் மாற்று வழி காண வேண்டும். தாங்கும் குறுக்குச் சட்டம் இடம் மாறும். புரொப்பெல்லர் தண்டின் நீளம் மாறும். மாற்றிய தண்டைச் சமநிலைப்படுத்த வேண்டும். இவற்றின் கூலியையும் கணக்கில் சேர்த்த பின்னரே பெட்டியின் விலை மலிவா அன்றா என்று சொல்ல முடியும்.

நான்கு கியரா, ஐந்து கியரா என்பதும் ஆராயத்தக்கது. எமது வண்டியின் பின் அச்சு விகிதம் 4.55. மேல் கியரில் மணிக்கு 80 கிலோமீற்றர் ஓடினால் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3300 சுற்றுச் சுற்றும். ஐந்தாம் கியரின் விகிதம் 0.8 அளவில் இருந்தால் அது 2650 அளவுக்கு இறங்கும். இரைச்சலும் பெற்றோலும் குறையும். ஆனால் ஐந்து என்ற எண்ணை மட்டும் நம்பலாகாது. பந்தய நோக்கோடு செய்யப்பட்ட சில ஐந்து கியர்ப் பெட்டிகளில் ஐந்தாவதே நேர் கியர். அதனால் எமக்கு யாதொரு இலாபமும் இல்லை. மலைநாட்டில் வசிப்போருக்கு நான்கு கியரே போதும் என்பது எமது அபிப்பிராயம். வவுனியா வழியாக யாழ்ப்பாணம் அடிக்கடி போகிறவர்கள் ஐந்தைத் தேடுவதில் நியாயம் உண்டு.

கடையில் பெட்டியைக் கண்டதும் முதலில் வர்ணத்தைப் பாராது வார்ப்பைப் பாருங்கள். அலுமினியக் கூட்டின் காதுகளில், போல்ட் துளைகளின் ஓரங்களில், தாங்கி பூட்டும் இடத்தில் வெடிப்பு உண்டா? ஒட்டு வைத்த தழும்பு உண்டா? எண்ணெய் படிந்த அழுக்குப் பெட்டி பல வேளைகளில் நேர்மையான பெட்டி. எங்கே கசிந்தது என்பதை அந்த அழுக்கே காட்டும். கழுவி வர்ணம் பூசியது அச்சாட்சியத்தை அழித்துவிட்டது.

அடுத்து முன் தண்டைக் கையால் பிடித்துச் சுழற்றுக. நடுநிலையில் அது மெதுவாக, எண்ணெயில் நீந்துவது போலச் சுழல வேண்டும். மணல் அரைபடுவது போல விரலில் உணர்ந்தால் பெயரிங் கெட்டது. அதன் நுனியை மேலும் கீழும் ஆட்டினால் சிறிது ஆடும். இதைக் கண்டு நல்ல பெட்டிகளை நாம் முன்பு இரண்டு தரம் வேண்டாம் என்று தள்ளினோம். கம்பளைப் பாஸ் சிரித்தார்: "ஆட்டிப் பார்த்துப் பயப்படாதேங்கோ தம்பி. அந்த நுனியைப் பிடிக்கிற புஷ் எஞ்சினுக்குள்ளே அல்லோ இருக்குது!" உண்மையே. தண்டு பெட்டிக்குள் ஒரு பெயரிங்கில் மட்டும் தொங்குகிறது. மறுமுனையைத் தாங்குவது எஞ்சின். பக்கவாட்டு ஆட்டம் சிறிது இருக்கலாம். முன்னும் பின்னும் இழுத்தால் அசைவு தெரிவதுதான் ஆகாதது. வரிப்பற்களில் தட்டுக் கடித்த படிகள் உண்டா, நுனி நீலமாகக் கருகியிருக்கிறதா என்பனவும் அப்போதே தெரிந்துவிடும்.

பின்னர் ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு சோக்குத் துண்டு போதும். முன் தண்டிலும் பின் யோக்கிலும் கோடு கீறி, முன் தண்டைச் சுற்றி எண்ணுங்கள். டட்சன் 1200இன் நான்கு கியர்ப் பெட்டியில் முதலாம் கியருக்கு முன் தண்டு ஏறத்தாழ மூன்றே முக்கால் சுற்றுச் சுற்றினால் பின் முனை ஒரு சுற்று. இரண்டாம் கியருக்கு இரண்டுக்குச் சற்று மேல். மூன்றாவதற்கு ஒன்றரைக்குச் சற்றுக் கீழ். நான்காவதற்கு ஒன்றுக்கு ஒன்று. ஐந்தாம் கியர் உண்மையாகவே வேகக் கியராயின் பின் முனை முன் தண்டைவிட அதிகம் சுற்றும். பின்னோக்குக் கியரையும் மறவாதீர்கள். அதன் பற்கள்தான் அவசரக்காரச் சாரதிகளிடம் அதிகம் அடி வாங்குவன. எண்ணும் போதே ஒரு சுற்றில் ஒரேயிடத்தில் தட்டுகிறதா என்று கவனித்தால் உடைந்த பல் அகப்பட்டுவிடும். நாம் இரண்டாம் முறை கடைக்குப் போனபோது சோக்கை எடுத்ததும் கடைப் பையன் முதலில் சிரித்தான்; பிறகு தானும் சேர்ந்து எண்ணத் தொடங்கினான்.

கியர் போட்ட நிலையில் ஒருவர் பின் முனையை இறுகப் பிடிக்க, மற்றவர் முன் தண்டை இருபுறமும் மாறி மாறித் திருப்புக. மிகத் தேய்ந்த பெட்டியாயின் தடி வழுக்கிக் கழன்றுவிடும். ஆயினும் கையின் பலம் எஞ்சினின் பலம் ஆகாது. எமது பழைய பெட்டியே இச்சோதனையில் தேறியிருக்கும் என்றுதான் எண்ணுகிறோம். பின் யோக்கைச் செருகி மேலும் கீழும் அசைத்தால், பின்புறப் புஷ்ஷின் தேய்மானம் வெளிப்படும்.

பெட்டியில் எண்ணெய் எஞ்சியிருந்தால் அது பெரும் பாக்கியம். வடிதிருகியைக் கழற்றி ஒரு வெள்ளைத் துணியில் சிறிது வடித்துப் பாருங்கள். திருகியிலுள்ள காந்தத்தில் மை போன்ற சாம்பல் நிறப் பசை படிந்திருப்பது இயல்பு. ஊசி போன்ற உருக்குச் சிராய்கள் இருந்தால் பல் உடைந்தது. எண்ணெயில் பொன் துகள் மினுங்கினால் பித்தளை வளையங்கள் தேய்ந்தன. பால் கலந்த தேநீர் நிறமானால் நீர் புகுந்திருக்கிறது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் பெட்டியாக இருக்கலாம். எண்ணெய் முழுவதும் வடிக்கப்பட்டு வருடக்கணக்கில் காய்ந்து கிடந்த பெட்டியில் பெயரிங்குகள் துருவேறியிருக்கும். எண்ணெய் என்றதும் ஒரு குறிப்பு: பழைய மொரிஸ் பெட்டிக்கு எஞ்சின் எண்ணெயே விட்டோம், டட்சன் பெட்டிக்குக் கியர் எண்ணெய். அதிலும் ஜி.எல்-4 என்ற தரமே பித்தளை வளையங்களுக்கு ஏற்றது. ஜி.எல்-5 எண்ணெய்களில் சேரும் கந்தக மருந்துகள் பித்தளையை அரிக்கக்கூடியன. "பெரிய எண், நல்ல எண்ணெய்" என்று எண்ணி நாமும் முதலில் அதையே விட்டிருந்தோம்.

வண்டியிலிருந்து கழற்றுமுன் ஓட்டிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், மேற்கூறிய யாவும் தேவையற்றுப் போகும். நடுநிலையில் எஞ்சின் ஓட, கிளச்சை மிதிக்காதபோது இரைச்சல் கேட்டு, மிதித்ததும் நின்றால் முன் தண்டின் பெயரிங்கோ கீழ்த் தண்டின் பெயரிங்கோ தேய்ந்தது. மிதிக்கும்போது மட்டும் கேட்டால் அது கிளச்சின் பெயரிங். பெட்டியைக் குறை சொல்ல வேண்டாம். முதல் மூன்று கியரிலும் இரைந்து நான்காவதில் அமைதியானால் கீழ்த் தண்டே குற்றவாளி; நேர் கியரில் பாரம் அதன் வழியாகப் போவதில்லை. மேல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு விரைவாக இறக்கும்போது கறகறத்தால் பித்தளை வளையம் போயிற்று. இறக்கம் ஒன்றில் ஒவ்வொரு கியரிலும் காலை எடுத்துப் பார்த்தால், எமக்கு நேர்ந்தது உமக்கு நேராது.

திறந்து பார்க்க இணங்கும் கடைக்காரர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். பித்தளை வளையத்தைக் கூம்பின் மீது அழுத்தி, வளையத்துக்கும் சக்கரத்துக்கும் இடையிலுள்ள வெளியை இடைவெளி அளவுத் தகட்டால் அளக்கலாம். பொதுவாக ஒரு மில்லிமீற்றர் அளவில் இருந்தால் நன்று. அரை மில்லிமீற்றருக்குக் குறைந்தால் வளையம் மாற்ற வேண்டும். வளையமும் பெயரிங்கும் எண்ணெய்ச் சீலும் மாற்றக்கூடிய பொருள்கள். அவை தேய்ந்திருந்தால் விலையைக் குறைக்கக் கேட்டுப் பெட்டியை வாங்கலாம். சக்கரமும் தண்டும் கூடும் கெட்டிருந்தால் இனாமாகத் தந்தாலும் வேண்டாம்.

திறக்க இணங்காவிடின், பொருத்தி ஓட்டிப் பார்த்து மாற்றிக்கொள்ள எத்தனை நாள் தவணை என்பதைப் பற்றுச்சீட்டிலே எழுதுவித்துக்கொள்ள வேண்டும். எமது முதற் பெட்டிக்கு வாய்ச்சொல்லே இருந்தது. கடைக்காரர் அதை மறந்துவிட்டார். இரண்டு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதி அதோடு போயிற்று. எஞ்சினுக்குரிய சீட்டும் பத்திரமாக இருக்கட்டும். எஞ்சின் இலக்கம் மாறிய செய்தியை மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவில் சேர்க்கும்போது அது வேண்டியிருக்கும்.

இரண்டாம் பெட்டி மாத்தளையில் விபத்துக்குள்ளான ஒரு பழைய சன்னியிலிருந்து வந்தது. பாஸ் கூடவே வந்தார். கழற்றுமுன் எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டார். கீழே ஊர்ந்து வடித்தார். காந்தத்தைத் துடைத்துத் தலையாட்டினார். பெட்டி முழுவதும் கரி பூசியது போல இருந்தது. மூன்று பித்தளை வளையங்களும் முன் பெயரிங்கும் புதிதாகப் போட்டோம். மூன்றாம் கியரில் மெல்லிய இரைச்சல் ஒன்று இன்னும் உண்டு. பாஸ் அதனைப் பொருட்படுத்த வேண்டாம் என்றார்.

தைப்பொங்கலுக்குப் பின் கடுகண்ணாவையில் மீண்டும் இறங்கினோம். அதே வளைவு, அதே இரண்டாம் கியர். தடி அசையவில்லை. தாயாரின் கண் சத்திரசிகிச்சை நன்கு முடிந்து, இப்போது மலைச்சரிவையும் பள்ளத்தாக்கையும் தெளிவாகப் பார்க்கிறார். அதனாலோ என்னவோ, அந்த இடம் வரும்போது முன்னாசனத்தின் முதுகை இரு கைகளாலும் பற்றிக்கொள்கிறார்.